சொல்லாமல் செய்யும் வேலை

 

பல ஆண்டுகளுக்கு முன் கேட்ட ஒரு மழையின் ஓசை இன்னும் என் செவியை விட்டு நீங்கவில்லை. அதைச் சொல்லித்தான் இம்மாதப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

கல்லூரியில் கலைப் பட்டம் பெற்ற ஆண்டு அது. ஓதுவதற்குச் சேர்வதா, பிழைப்பைத் தேடுவதா என்று மனம் ஒரு நிலைக்கு வராத அந்தக் காலத்தில், நகரத்துத் துணிக்கடை ஒன்றில் நான்கு மாதங்கள் விற்பனைப் பையனாக இருந்தேன். கடையின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம். அதன் முதலாளி இன்று இவ்வுலகில் இல்லை. அல்லாஹ் அவருடைய பிழைகளையும் நம்முடைய பிழைகளையும் மன்னிப்பானாக. நாங்கள் பதினொரு பேர். கடைக்கு மேலே மாடியில் பாய் விரித்துப் படுப்பது வழக்கம். ரமளான் பிறக்க ஒரு வாரமே இருந்தபோது ஓரிரவு பெருமழை பிடித்துக்கொண்டது. பின்கட்டில் சரக்கு அடுக்கியிருந்த தகரக் கொட்டகை ஒழுகும் என்பது எங்கள் அனைவருக்கும் தெரியும். பெருநாள் வியாபாரத்துக்கென்று புதிய பேல்கள் அன்று பகலில்தான் வந்திறங்கியிருந்தன. தகரத்தின் மேல் மழை அறையும் ஓசையைப் பதினொரு பேரும் விழித்துக்கொண்டு கேட்டோம். ஒருவர்கூட எழவில்லை. நானும் எழவில்லை.

காலையில் நான்கு பேல்கள் நனைந்து சாயம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “இத்தனை பேர் மேலே படுத்திருந்தீர்களே, ஒருவனுக்காவது இறங்கிப் பார்க்கத் தோன்றவில்லையா?” என்று கேட்டார். தோன்றாமல் இல்லை. தோன்றியும் எழாமல் கிடந்தோம் என்பதுதான் உண்மை.

ஏன் எழவில்லை? எங்களில் எவரும் கெட்ட பிள்ளைகள் அல்லர். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக்கு மணியார்டர் அனுப்பிக்கொண்டிருந்தவர்களே. ஆனால் ஒரு மாதத்துக்கு முன் நடந்த ஒன்று எங்கள் நினைவில் இருந்தது. எங்களில் ஒருவர் அஸர் தொழப் போன நேரத்தில் பக்கத்துப் பிரிவில் நின்ற பையன் அவருடைய இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டான். அன்று மாலைக் கணக்கில் சட்டைத் துணி ஒன்று குறைந்தது. தொழப் போனவருக்கும் பிடித்தம், உதவி செய்தவனுக்கும் பிடித்தம். அன்றிலிருந்து ஒருவருடைய இடத்தை மற்றவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மழையில் இறங்கிக் கொட்டகையைத் திறந்தால், காலையில் எண்ணிக்கை குறையும்போது திறந்தவன் யார் என்றுதானே கேள்வி வரும்? அந்தக் கணக்கைப் பதினொரு பேரும் இருட்டில் படுத்தபடியே போட்டோம்.

இன்னொன்றும் இருந்தது. மீட்டர் கோலைக் கையில் கொடுக்கும்போதே, துணியை இழுத்துப் பிடித்து அளக்கும் வித்தையையும் எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். மீட்டருக்கு இரண்டு விரற்கடை மிச்சப்படும். முதல் வாரத்தில் என் கை கூசியது. மூன்றாம் வாரத்தில் கை தானாகவே இழுத்தது. சாயம் போகும் என்று தெரிந்த துணியைப் போகாது என்று சொல்வதும் அப்படியே பழகியது. வெள்ளிக்கிழமைதோறும் கடையில் யாசீன் ஓதி பரக்கத்துக்காக துஆச் செய்வோம். முதலாளி ஐவேளைத் தொழுகையாளி, அதில் ஐயமில்லை. வாங்க வருகிறவரை ஏமாற்ற எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர், தம் சரக்கின்மீது மட்டும் நாங்கள் அக்கறை கொள்வோம் என்று எப்படி எதிர்பார்த்தார் என்பதுதான் எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இதைப் பற்றி உலகில் அறிஞர்கள் நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். டேனியல் கட்ஸ் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1964-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒரு நிறுவனம் நடைபெற மூன்று வகைச் செயல்கள் தேவை என்றார். ஆட்கள் வந்து சேர்ந்து நிலைத்திருக்க வேண்டும். ஒப்படைத்த வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும். மூன்றாவதாக, எந்த விதியிலும் எழுதப்படாத உதவிகளைத் தாமாகவே முன்வந்து செய்ய வேண்டும். எழுதிவைத்த கடமைகளை மட்டுமே நம்பியிருக்கும் அமைப்பு எளிதில் நொறுங்கக் கூடியது என்பது அவருடைய கருத்து. பிற்காலத்தில் டென்னிஸ் ஆர்கன் என்பவர் இந்த மூன்றாவதைத் தனியே எடுத்து ஆராய்ந்து, 1988-இல் ஒரு நூலே எழுதினார். புதிதாக வந்தவனுக்கு வேலை சொல்லிக்கொடுப்பது, வராதவனுடைய சுமையைப் பகிர்ந்துகொள்வது, வரப்போகும் இடையூறை முன்கூட்டியே தெரிவிப்பது, சிறு வசதிக் குறைவுகளைப் பெரிதுபடுத்தாமல் பொறுத்துக்கொள்வது ஆகிய இவற்றையெல்லாம் சேர்த்து ‘நிறுவனக் குடிமை நடத்தை’ என்று பொருள்படும் பெயரை அவர் சூட்டினார். நம் பெரியவர்கள் ‘சொல்லாமல் செய்வது’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்கள்.

இதன் மதிப்பு தெரிய வேண்டுமானால் ‘விதிப்படி வேலை’ என்னும் போராட்டத்தை எண்ணிப் பாருங்கள். அதில் எவரும் வேலையை நிறுத்துவதில்லை. விதிநூலில் உள்ளதை எழுத்துக்கு எழுத்துச் செய்வார்கள். அதற்கு மேல் ஒன்றும் செய்யமாட்டார்கள். அவ்வளவுதான், அலுவலகம் திணறிப்போகும். விதியை மீறியதால் அல்ல, விதியை மட்டும் கடைப்பிடித்ததால் ஒரு நிறுவனம் நின்றுபோகிறது என்றால், அது இத்தனை நாளும் எதனால் ஓடிற்று என்பது விளங்கும்.

சரி, இந்தச் சொல்லாமல் செய்யும் வேலை எங்கிருந்து பிறக்கிறது? மனநிறைவோடு பணியாற்றுபவர்களிடமே இது மிகுதியாகக் காணப்படுகிறது என்று, ஆர்கனும் பேட்மன் என்பவரும் 1983-இல் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. அந்த மனநிறைவின் வேர் எது என்று தோண்டிப் பார்த்தபோது, சம்பளத்தின் அளவைவிட நடத்தப்படும் நேர்மையே அதில் முன்னின்றது. 1991-இல் ராபர்ட் மூர்மன் என்பவர் இரண்டு அமெரிக்க நிறுவனங்களில் ஆராய்ந்தபோது, மேலாளர் தன்னை நேரில் எவ்வாறு நடத்துகிறார் என்பது பற்றிப் பணியாளனுக்கு இருந்த எண்ணமே அவனுடைய உதவும் பண்போடு நெருங்கிய தொடர்புடையதாகத் தென்பட்டது.

இவை எல்லாவற்றிலும் என்னைப் பெரிதும் உலுக்கியது மற்றோர் ஆய்வு. ஜெரால்ட் கிரீன்பர்க் என்பவர் 1990-இல் வெளியிட்டது. அமெரிக்காவில் ஒரே நிறுவனத்துக்கு மூன்று தொழிற்சாலைகள். ஒப்பந்தங்கள் கைநழுவியதால், அவற்றுள் இரண்டில் பத்து வாரங்களுக்குச் சம்பளத்தில் 15 விழுக்காடு குறைக்க வேண்டியதாயிற்று. ஒரு தொழிற்சாலையில் நிறுவனத் தலைவரே வந்தார். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இருந்து, கணக்குகளைக் காட்டி, வேறு வழியில்லாமல் இதைச் செய்கிறோம் என்று வருத்தம் தெரிவித்து, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார். இன்னொரு தொழிற்சாலையில் கால் மணி நேரத்தில் செய்தியை அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவதில் குறைப்பு எதுவும் இல்லை. அந்தப் பத்து வாரங்களில் பொருள்கள் களவு போன அளவைக் கணக்கிட்டார் கிரீன்பர்க். காரணம் சொல்லாமல் குறைத்த இடத்தில் களவு மிகவும் பெருகியது. வேலையை விட்டுச் சென்றவர்களும் அங்கேதான் மிகுதி. காரணம் சொல்லிக் குறைத்த இடத்திலோ களவு ஓரளவே கூடிற்று. குறைக்கப்பட்ட தொகை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இடையில் இருந்த வேறுபாடு, எதிரில் உட்கார்ந்து பேசிய அந்த நேரம்.

களவை நான் நியாயப்படுத்தவில்லை, ஹராம் ஹராமே. ஆனால் பத்து வாரங்களில் நல்லவர்கள் சிலரைக் கள்வர்களாக்கிய பங்கு யாருக்கு உண்டு என்பதையும் நாம் கேட்கத்தான் வேண்டும்.

நம்மவர்களைப் பற்றிய ஆய்வும் உண்டு. நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் உழைக்கச் செல்லும் ஐக்கிய அரபு அமீரகத்தில் தர்வீஷ் யூசுஃப் என்னும் அறிஞர் 400-க்கும் மேற்பட்ட முஸ்லிம் பணியாளர்களிடம் வினாக்கள் கொடுத்து விடை பெற்று, 2001-இல் முடிவை வெளியிட்டார். உழைப்பை வணக்கமாகவும் நேர்மையைக் கடமையாகவும் கருதும் இஸ்லாமியப் பணியொழுக்கம் எவரிடம் ஊன்றியிருக்கிறதோ அவரிடம் வேலையில் மனநிறைவும் நிறுவனத்தின்மீது பற்றும் கூடுதலாக இருக்கின்றன என்பது அவர் கண்டது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆயினும் ஒன்று சொல்வேன். தன்னுடைய ஒழுக்கத்தைப் பற்றித் தானே விடையெழுதும்போது மனிதன் கொஞ்சம் தாராளமாகவே எழுதிக்கொள்வான். அத்துடன், இத்தகைய ஆய்வுகளைக் காட்டித் தொழிலாளியிடம் இக்லாஸைக் கேட்பது எளிது. கூலி கொடுப்பவரிடம் அதைக் கேட்பதற்குத்தான் நமக்கு நாக்கு எழுவதில்லை.

இஸ்லாமிய மரபை எடுத்துப் பார்த்தால் கேள்வி முதலில் கொடுப்பவரிடம்தான் கேட்கப்படுகிறது. திருமறையின் 83-ஆம் அத்தியாயம், அளவையில் மோசடி செய்வோரின் பெயராலேயே வழங்குகிறது. பிறரிடமிருந்து நிறைவாக அளந்து வாங்கிக்கொண்டு, தான் கொடுக்கும்போது குறைப்பவர்களைப் பற்றியது அது. எனக்குப் பாடம் நடத்திய உஸ்தாத் ஒருவர் இந்த இடம் வந்ததும் சற்று நிறுத்துவார். எட்டு மணி நேர உழைப்பை முழுமையாக அளந்து வாங்கிக்கொண்டு கூலியைத் தாமதித்தும் குறைத்தும் கொடுப்பவன் எந்தத் தராசைப் பிடித்திருக்கிறான் என்று கேட்டுவிட்டு, எங்கள் முகங்களைப் பார்ப்பார். துணிக்கடையிலிருந்து வந்தவன் ஆதலால் நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் பணிவிடைக்கு வந்தபோது அனஸ் (ரலி) சிறுவர். பத்து ஆண்டுகள் உடனிருந்தார். அந்தப் பத்து ஆண்டுகளில் ஒருமுறையேனும் சலிப்பான ஒரு சொல்லைத் தாம் கேட்டதில்லை என்றும், செய்ததை ஏன் செய்தாய் என்றோ செய்யாததை ஏன் செய்யவில்லை என்றோ தம்மிடம் கேட்கப்பட்டதில்லை என்றும் அவரே பின்னாளில் அறிவித்தார். ஒருநாள் ஒரு வேலையாக அனுப்பப்பட்ட அந்தச் சிறுவர், கடைவீதியில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டார். பின்னாலிருந்து யாரோ பிடரியைப் பற்றினார்கள். திரும்பிப் பார்த்தால் பெருமானார் (ஸல்) அவர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். சொன்ன இடத்துக்குப் போனாயா என்று கேட்டார்கள். இதோ போகிறேன் என்றார் சிறுவர். அவ்வளவே. அடியில்லை, வசவில்லை, பிடித்தமில்லை. அந்தச் சிறுவர் வளர்ந்து நீண்ட ஆயுள் பெற்று, தாம் கண்டதையும் கேட்டதையும் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட அறிவிப்புகளாக உலகுக்குத் தந்துசென்றார். அதைச் செய்யும்படி எந்தச் சம்பளமும் அவரை ஏவவில்லை.

குகையில் அடைபட்ட மூவரின் வரலாற்றைப் பிள்ளைகளுக்கு நாம் அடிக்கடி சொல்கிறோம். மூன்றாமவரை மட்டும் ஈண்டு நினைவுகூர்வோம். அவரிடம் வேலை செய்த ஒருவன் தன் கூலியான சிறிதளவு தானியத்தை வாங்காமலே போய்விட்டான். அவர் அதை விதைத்தார், பெருக்கினார், அது ஆடும் மாடுமாக வளர்ந்தது. நெடுங்காலம் கழித்து அவன் வந்து கூலியைக் கேட்டான். இந்த மந்தை முழுவதும் உன்னுடையதுதான் என்றார் அவர். அதைக் கேட்ட அந்த ஏழை, என்னைப் பரிகாசம் செய்யாதீர் என்றான். இந்தச் சரித்திரத்தில் எனக்கு மந்தையைவிட அந்த ஒரு விடையே பெரிதாகப் படுகிறது. தனக்கு உரியது தன் கையில் வந்துசேரும் என்பதையே நம்ப முடியாத அளவுக்கு அந்த மனிதன் அதற்குமுன் எத்தனை முதலாளிகளைப் பார்த்திருக்க வேண்டும்!

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரில் பட்டுத் துணி வணிகர் என்பது நீங்கள் அறிந்ததே. குறையுள்ள துணி ஒன்றைத் தம் கூட்டாளியிடம் அனுப்பி, வாங்குபவரிடம் குறையைக் காட்டிவிட்டு விற்கும்படி சொல்லியிருந்தார்கள். கூட்டாளி மறந்துபோய்ச் சொல்லாமலே விற்றுவிட்டார். வாங்கியவர் யார் என்றும் தெரியவில்லை. அந்தச் சரக்கு விற்ற பணம் முழுவதையும் இமாம் அவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்தக் கடையில் நின்ற ஊழியர்களின் இரவை நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. அங்கே மழை பெய்திருந்தால் யாராவது எழுந்திருப்பார்கள்.

பணியாளரைச் சகோதரர் என்று குறிப்பிட்ட அண்ணலார் (ஸல்) அவர்கள், அவர்களுடைய சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்த வேண்டாம் என்றதோடு நிறுத்தவில்லை. அப்படிச் சுமத்த நேர்ந்தால் நீங்களும் கைகொடுங்கள் என்று பணித்தார்கள். ஆக, சொல்லாமல் செய்யும் உதவி மேலிருந்து தொடங்க வேண்டியது. நாம் அதைக் கீழே இருந்து எதிர்பார்த்துப் பழகிவிட்டோம்.

கடையும் ஆலையும் வைத்திருப்பவர்களுக்குத்தானே இதெல்லாம் என்று தாய்மார்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் வீட்டு அடுப்படியும் ஒரு பணியிடமே. பாத்திரம் துலக்க வரும் அம்மாள் கைதவறி ஒரு பீங்கானை உடைத்துவிட்டால், மாதக் கடைசியில் அதன் விலையைக் கழிக்கும் வீடுகள் உண்டு. அடுத்த முறை உடைந்த பீங்கான் குப்பைக்கூடையின் அடியில்தான் கிடைக்கும். நாம் கழித்தது பத்து ரூபாயோ இருபது ரூபாயோ. அதோடு அவருடைய உண்மையையும் சேர்த்துக் கழித்துவிட்டோம். மேலப்பாளையம் போன்ற ஊர்களில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றும் நம் சகோதரிகளைக் கேட்டுப் பாருங்கள். இலையும் தூளும் எடைகுறைத்துக் கொடுத்துவிட்டு, சுற்றிக் கொண்டுவந்ததில் ஒரு பகுதியைத் தரமில்லை என்று கழித்து, கழித்த பீடியையும் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளும் கடைகளைப் பற்றி அவர்கள் சொல்வார்கள். நிறுத்தும் எண்ணியும் கொடுக்கிற கடை எது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்தக் கடைக்காரருக்கு அவசரத் தேவை என்றால் இரவு விளக்கை வைத்துக்கொண்டும் சுற்றிக் கொடுப்பார்கள்.

இத்தனையும் எழுதிய நான், என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கமும் இழுத்து அளந்த துணியாகிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஓதிக்கொடுத்துவந்த மத்ரஸாவில், பட்டம் படித்தவர், கணக்கு அறிந்தவர் என்று சொல்லி மாதச் செலவைக் கவனிக்கும் பொறுப்பை நிர்வாகத்தார் என்னிடம் ஒப்படைத்தார்கள். தங்கி ஓதும் பிள்ளைகள் அறுபது பேர். ரமளான் வசூல் தீர்ந்த பிறகு கை வறண்டுவிடும். அரிசிக் கடைக்காரர் வாசலில் வந்து சத்தம் போடுவார். அவருக்கு முதலில் கொடுப்பேன். மின்சாரத்தைத் துண்டித்துவிடுவார்கள், அதை அடுத்தபடி கட்டுவேன். உஸ்தாதுமார்கள் முகம் சுளிப்பார்கள், அவர்களுக்கு அதற்கடுத்து. எங்கள் சமையல்காரர் எதுவுமே கேட்கமாட்டார். அறுபதை எட்டிய வயது. பிள்ளைகளுக்கு அவர் ‘பண்டாரி மாமா’. அவருக்கு எப்போதும் கடைசியில்தான் கொடுத்தேன். மாதத்தின் முதல் வாரத்தில் கிடைக்க வேண்டியது இருபதாம் தேதி ஆயிற்று, பின் இருபத்தைந்து ஆயிற்று. வியர்வை உலர்வதற்குமுன் கூலி கொடுக்கும்படி ஏவும் நபிமொழியை அதே மாதங்களில் நான் வகுப்பில் நடத்திக்கொண்டுமிருந்தேன். நாட்டின் சட்டமும் இதில் பின்தங்கவில்லை. 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் சிறிய தொழிற்கூடங்களுக்கு, சம்பள மாதம் முடிந்து ஏழு நாள்களே கெடு வைத்தது. 2019-இல் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பும் மாதச் சம்பளத்துக்கு ஏழு நாள் என்றே சொல்கிறது. எல்லாம் எனக்குத் தெரியும். ஒருமுறை அவர் அறை வாசலில் வந்து நின்றார். நான் விருந்தினர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். “பிறகு பார்க்கலாம் மாமா” என்றேன். அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. இரவில் எந்தப் பிள்ளைக்காவது காய்ச்சல் கண்டால், சொல்ல வேண்டியதில்லை, தாமாகவே எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, பூண்டும் வெந்தயமும் போட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவருவார். ஊட்டியும் விடுவார். இது அவருடைய வேலையில் சேர்ந்ததன்று.

ஓரிரவு ஒன்பது வயதுப் பிள்ளை ஒருவனுக்குக் கடும் காய்ச்சல். தாயை விட்டு வந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. நான் சமையல்கட்டுக்குப் போனேன். இருட்டாக இருந்தது. அவர் அறையில் படுத்திருந்தார். விழித்திருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது. நானே ஏதோ வெந்நீர் வைத்துப் பிள்ளைக்கு ரொட்டியை நனைத்துக் கொடுத்தேன். காலையில் அவரிடம் கேட்டபோது மிகுந்த மரியாதையுடன் சொன்னார்: “எட்டு மணிக்கு அடுப்பு அணைச்சாச்சு ஹஜ்ரத். அதுவரைக்கும்தானே என் நேரம்?”

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அந்த மாதங்களில் சோறு ஒருநாளும் குழையவில்லை, குழம்பில் உப்புக் குறையவில்லை, ஒரு வேளையும் தாமதமாகவில்லை. விதிப்படி வேலை. அப்போதுதான் தகரத்தின் மேல் விழுந்த அந்த மழை எனக்கு மீண்டும் கேட்டது. இம்முறை நான் மாடியில் படுத்திருக்கவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருந்தேன்.

அன்று இஷாவுக்குப் பின் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு சமையல்கட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தேன். வரவையும் செலவையும் பக்கம் பக்கமாகக் காட்டினேன். “நீங்கள் சத்தம் போடமாட்டீர்கள் என்பதால் உங்களுக்குக் கடைசியில் கொடுத்தேன்” என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது வாய் உலர்ந்துவிட்டது. வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, மகளின் பிரசவச் செலவுக்காக மனைவியின் காதணியை அடகுக் கடையில் வைத்திருப்பதாகச் சொன்னார். வட்டி ஹராம் என்று காலையில் பாடம் நடத்துபவன், ஒரு முதியவரை வட்டிக் கடை வாசலுக்கு அனுப்பியிருக்கிறேன். எந்த நோட்டில் அதை எழுதுவது?

அடுத்து வந்த கூட்டத்தில் நிர்வாகத்தாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சமையல்காரருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் ஐந்தாம் தேதிக்குள் முதலில் கொடுத்துவிட்டுத்தான் மற்றவை என்று முடிவாயிற்று. ஒருவர் மட்டும், அரிசிக் கடைக்காரர் கடனை நிறுத்திவிடுவாரே என்றார். அவர் சொன்னபடியே நிறுத்தினார். இரண்டு வாரம் சில்லறையாக வாங்கிச் சமைத்தோம். இரண்டு உஸ்தாதுமார்களின் சம்பளமும் என்னுடையதும் தள்ளிப்போயின. ஏன் தள்ளிப்போகிறது என்று ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே போய்ச் சொன்னேன். அடகை மீட்கும் தொகையை நண்பர்கள் இருவர் கைமாற்றாகக் கொடுத்தார்கள்.

கஞ்சி உடனே வந்துவிடவில்லை. முதல் மாதமும் இரண்டாம் மாதமும் எட்டு மணிக்கு அடுப்பு அணைந்தது. எனக்குச் சற்று வருத்தம்கூட ஏற்பட்டது. உரிய கூலியை உரிய நாளில் கொடுத்ததற்கு ஏதோ பெரிய தயவு செய்துவிட்டதைப் போல மனம் பதிலுக்கு எதிர்பார்க்கிறதே என்று பிறகு வெட்கப்பட்டேன்.

நான்காம் மாதத்தில் ஓரிரவு, பதினொரு மணிக்கு மேல் இருக்கும். கிதாபை மூடிவிட்டு வெளியே வந்தபோது சமையல்கட்டில் வெளிச்சம் தெரிந்தது. அருகில் சென்றேன். பூண்டு வெந்த மணம். யாருக்குக் காய்ச்சல் என்று எனக்கே தெரியாது, அவருக்குத் தெரிந்திருந்தது. கரண்டியால் கிளறிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்து, “அந்தச் சின்னப் பயலுக்குத்தான் ஹஜ்ரத், நீங்க போய்ப் படுங்க” என்றார்.